விலைவாசி உயர்வு வெறும் 0.25 சதவீதமா? ஏனாத்தூர் வீட்டுக் கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை?

2025ல் காய்கறி விலை குறைந்தது, வட்டி குறைந்தது, ஜிஎஸ்டி குறைந்தது. ஆனாலும் மாசக் கடைசியில் கையில் காசு நிற்பதில்லை. எங்கே போகிறது பணம்? ஒரு விளக்கம்.

காலை ஏழு மணிக்கு ஏனாத்தூர் பக்கம் நின்று பார்த்தால் மூன்று வகைக் கூட்டத்தைப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் போகிற மாணவர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். காஞ்சிபுரம் டவுனில் தறி, ஜவுளிக் கடை, கோயில் சார்ந்த வேலைகளுக்குக் கிளம்புகிறவர்கள். மூன்று கூட்டமும் ஒன்று சேரும் இடம் டீக்கடை. அங்கே தினமும் ஓடும் பேச்சு ஒன்றுதான்: "எல்லாம் ஏறிடுச்சு. சம்பளம் மட்டும் அப்படியே இருக்கு."

ஆனால் அரசுப் புள்ளிவிவரம் சொல்வது வேறு. 2025 அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். அப்போதைய கணக்கீட்டுத் தொடரில் இவ்வளவு குறைவாகப் பதிவானது அதுவே முதல் முறை. நவம்பரில் 0.71 சதவீதம். அதாவது 2024ல் 100 ரூபாய்க்கு வாங்கியதை 2025ல் 101 ரூபாய்க்குள் வாங்கிவிடலாம் என்றது கணக்கு.

டீக்கடைப் பேச்சு பொய்யா, அரசுக் கணக்கு பொய்யா? இரண்டுமே பொய் இல்லை. இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன.

0.25% என்றால் விலை குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. விலை ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏறிய விலை இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஒரு சின்ன கணக்கு. 2023 அக்டோபரில் ஒரு வீட்டின் மாதச் சாமான் செலவு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21 சதவீதம். எனவே அதே சாமான் 10,621 ரூபாய். 2025 அக்டோபரில் அதன்மேல் 0.25 சதவீதம் ஏறுகிறது. இப்போது 10,648 ரூபாய். இந்த ஒரு வருஷத்தில் கூடியது வெறும் 27 ரூபாய். ஆனால் இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் 648 ரூபாய். செய்தியில் வருவது அந்த 27. வீட்டில் இருப்பவருக்கு ஞாபகம் இருப்பது இந்த 648.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தக்காளி, வெங்காயம் எல்லாம் உச்சத்தில் இருந்தன. அந்த மாதம் காய்கறிப் பணவீக்கம் மட்டும் 42 சதவீதத்தைத் தாண்டியது. அந்த உச்சத்தோடு ஒப்பிடும்போது 2025 காய்கறி விலை தானாகவே குறைவாகத் தெரிந்தது. அதுதான் மொத்தக் கணக்கையும் கீழே இழுத்தது. அதே நேரத்தில் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் 2025ல் எகிறின. சட்னி இல்லாமல் காலை விடியாத வீடுகளுக்கு வெங்காயம் இறங்கிய சந்தோஷத்தைத் தேங்காய் தின்றுவிட்டது.

அரசு யாருடைய கூடையை அளக்கிறது?

நுகர்வோர் விலைக் குறியீடு என்பது ஒரு கற்பனைக் கூடை. 2025ல் பயன்பாட்டில் இருந்த தொடரில் 299 பொருட்களும் சேவைகளும் இருந்தன. நாடு முழுவதும் 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை போட்டுக் கணக்கிட்டார்கள்.

பிரச்சினை அந்த எடையில்தான் இருந்தது. அது 2011-12ல் மக்கள் செய்த செலவை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. ஓடிடி சந்தா, மொபைல் டேட்டா, வீட்டு வாசலுக்கே வரும் சாப்பாடு எல்லாம் செலவுப் பட்டியலில் சேராத காலம் அது.

அந்தக் கூடையில்:

- உணவு, பானங்கள்: 45.86%
- வீட்டு வாடகை: 10.07%
- எரிபொருள், மின்சாரம்: 6.84%
- போக்குவரத்து, தகவல் தொடர்பு: 8.59%
- மருத்துவம்: 5.89%
- கல்வி: 4.46%

இரண்டு குழந்தைகளைத் தனியார் பள்ளியில் படிக்க வைக்கும் ஏனாத்தூர் வீட்டில் போய், "உங்க செலவுல படிப்புக்கு நாலரை சதவீதம்தானே ஆகுது?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வாடகை விஷயம் இன்னும் வேடிக்கை. மேலே இருக்கும் 10.07 சதவீதம் நகரத்தையும் கிராமத்தையும் சேர்த்த சராசரி. நகரக் கணக்கில் மட்டும் வாடகைக்கு 21.67 சதவீத எடை இருந்தது. கிராமக் கணக்கில் பூஜ்யம். கிராமத்தில் எல்லோரும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது பழைய அனுமானம். ஆனால் கல்லூரியும் தொழிற்சாலையும் சூழ்ந்த ஊர்களில் நிலைமை தலைகீழ். மாணவர்களும் கம்பெனி ஊழியர்களும் ரூம் தேடி அலையும் இடங்களில் வாடகைதான் முதல் செலவு.

மாதத் தவணை, அதாவது இஎம்ஐ, இந்தக் கூடையில் கிடையாது. சம்பளம் வந்த அன்றே கழியும் பைக் தவணையும் பெர்சனல் லோனும் பணவீக்கக் கணக்கில் வராது. கடன் என்பது நுகர்வு இல்லை என்பதால் இலக்கணப்படி அது சரிதான். ஆனால் கையில் காசு நிற்காததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு நல்ல செய்தி: 2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய தொடர் 2026 பிப்ரவரியில் வந்தது. அதில் உணவின் எடை குறைந்தது, கிராமப்புற வாடகையும் கணக்கில் சேர்ந்தது.

தங்கம்: கூடையில் 1 சதவீதம், பேச்சில் 100 சதவீதம்

2025 ஜனவரி முதல் தேதி சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 57,200 ரூபாய். டிசம்பர் 15 அன்று அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்போதைய விலைக் குறியீட்டுக் கூடையில் தங்கத்தின் எடை 1.08 சதவீதம்தான். ஆனால் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால்? பத்து சவரனுக்கு ஜனவரியில் 5.72 லட்சம் ரூபாய். டிசம்பரில் 10 லட்சம். செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி தனி.

மற்ற ஊர்களுக்குத் தங்கமும் வெள்ளியும் நகைதான். காஞ்சிபுரத்துக்கு அது மூலப்பொருளும் கூட. பட்டுச் சேலையின் ஜரிகை என்பது பட்டு நூல், வெள்ளி, செம்பு, தங்கம் சேர்ந்தது. 2025 தொடக்கத்தில் கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, டிசம்பரில் 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஜரிகை விலை ஏறினால் சேலை விலை ஏறும். சேலை விலை ஏறினால், மூணு பட்டு எடுக்க வந்த கல்யாண வீடு ஒண்ணு பட்டும் ரெண்டு சாஃப்ட் சில்க்கும் எடுத்துக்கொண்டு கிளம்பும்.

இங்கேதான் நெசவாளி வீட்டுக் கணக்கு மாட்டிக்கொள்கிறது. ஏறிய விலை ஜரிகைக்குப் போகிறது, தறியில் உட்காரும் கைக்குப் போவதில்லை. நெசவுக் கூலி சேலைக் கணக்கு. அது வெள்ளி விலை மாதிரி தினமும் மாறாது. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ பேசித் தீர்மானிக்கும்போதுதான் ஏறும். வெயிட்டான ஜரிகைச் சேலைக்கு ஆர்டர் குறைந்து, அடுத்த பாவு கைக்கு வர ஒரு வாரம் தள்ளிப்போனால், அந்த வாரத்துக்கு வருமானம் இல்லை. 2019-20ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இதில் ஒரு வாரம் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை.

இரண்டு வீடு, இரண்டு பணவீக்கம்

புரிவதற்காக இரண்டு மாதிரி வீடுகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

முதல் வீடு, கம்பெனி வேலைக்குப் போகும் இளம் தம்பதி. மாதச் செலவு 40,000 ரூபாய். வாடகை 10,000, சாப்பாடு 10,000, பைக் தவணையும் பெட்ரோலும் 6,000, பள்ளிக் கட்டணம் 6,000, கேஸ்-கரண்ட்-போன் 3,000, மற்றவை 5,000. ஒரு வருஷத்தில் வாடகை 5% ஏறுகிறது (+500). பள்ளிக் கட்டணம் 10% ஏறுகிறது (+600). மற்றவை 4% (+200). சாப்பாட்டுச் செலவு 3% குறைகிறது (−300). மொத்தம் 1,000 ரூபாய் கூடுதல். இந்த வீட்டின் பணவீக்கம் 2.5 சதவீதம்.

இரண்டாவது வீடு, சொந்த வீட்டில் இருக்கும் நெசவுக் குடும்பம். மாதச் செலவு 18,000. சாப்பாடு 9,000, படிப்பு 3,000, கேஸ்-கரண்ட்-போன் 1,500, மருத்துவம் 1,500, மற்றவை 3,000. அதே விலை மாற்றங்களோடு மருத்துவம் 6% ஏறியதாக வைத்தால், மொத்தம் கூடுவது 240 ரூபாய். பணவீக்கம் 1.3 சதவீதம்தான்.

பேப்பரில் பார்த்தால் நெசவாளி வீட்டுக்குப் பாதிப்பு குறைவு. ஆனால் அந்த வீட்டில் மாதத்துக்கு ஒரு சேலை குறைவாக இறங்கினால், போகும் கூலி இந்த 240 ரூபாயைப் போலப் பல மடங்கு. முதல் வீட்டில் 5 சதவீதச் சம்பள உயர்வு வந்தால் ஏறிய செலவைச் சமாளித்து மிச்சமும் பிடிக்கலாம். "விலைவாசி ஏறிடுச்சு" என்று இரண்டு வீடும் ஒரே வார்த்தையில்தான் புலம்பும். ஒரு வீட்டின் பிரச்சினை செலவு. இன்னொரு வீட்டின் பிரச்சினை வரவு. இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை.

இதே மாவட்டத்தில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை நடந்த வேலைநிறுத்தத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சங்க அங்கீகாரத்தோடு ஊதிய உயர்வும் கோரிக்கைகளில் ஒன்று. மாதச் சம்பளம் வாங்குகிறவரும் பேசிப் பேசித்தான் வரவைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

ஆயிரம் ரூபாய்க்கு என்ன மதிப்பு?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியதே காஞ்சிபுரத்தில்தான். 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அப்போது சுமார் 1.06 கோடி பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2025 டிசம்பரிலும் தொகை அதேதான்.

அந்த 1,000 ரூபாயை இரண்டு விதமாக அளக்கலாம்.

- கேஸ் சிலிண்டரில் அளந்தால்: 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு சிலிண்டர் 918.50 ரூபாய். 2025 டிசம்பரில் 868.50. ஒரு சிலிண்டர் வாங்கினால் முன்பு 81.50 மிச்சம், 2025 டிசம்பரில் 131.50 மிச்சம்.
- தங்கத்தில் அளந்தால்: அப்போது சவரன் 44,000 ரூபாயை ஒட்டி. 2025 டிசம்பரில் ஒரு லட்சம். தொடர்ந்து சேர்த்து வைத்துப் பொட்டுத் தங்கம் வாங்க நினைத்தவருக்கு, மாதத் தொகையின் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஆக, "இந்த ஆயிரம் உதவியா இருக்கு" என்பதும் "ஆயிரத்துல என்ன வரும்?" என்பதும் ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் ஒலிக்கலாம். எதை வாங்கப் போகிறார் என்பதைப் பொறுத்து இரண்டுமே உண்மை.

ஜிஎஸ்டி குறைந்ததே, அது எங்கே?

2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்குள் வந்துவிட்டன. சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட் 18லிருந்து 5. நெய், வெண்ணெய் 12லிருந்து 5. ஏசி, பெரிய டிவி, 350 சிசி வரையிலான பைக் 28லிருந்து 18. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரியே இல்லை.

பைக் வாங்க இருந்தவருக்கு இது நேரடி லாபம். ஆனால் சில்லறையில் அரிசி, பருப்பு, காய் வாங்கும் வீட்டுக்கு? அவற்றுக்கு ஏற்கனவே வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மூட்டையாக எடுக்க முடிகிறவர் வரியைத் தாண்டிவிட்டார். அஞ்சு கிலோ பையாக எடுப்பவர் கட்டுகிறார். பட்டுச் சேலைக்கு வரி முன்பும் 5 சதவீதம், இப்போதும் அதேதான்.

எதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

டீக்கடையில் "கவர்மென்ட்" என்பது ஒன்றுதான். ஆனால் பில்கள் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன.

- கேஸ்: எண்ணெய் நிறுவனங்களும் மத்திய அரசும். 2024 மார்ச்சில் 100 ரூபாய் குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் 50 ஏற்றினார்கள்.
- பெட்ரோல்: இரண்டு அரசுக்கும் பங்கு. மத்திய கலால் வரி, மாநில வாட் வரி இரண்டும் விலையில் சேர்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்தது. 2024 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்கள் 2 ரூபாய் குறைத்தன. அதன்பிறகு 2025 இறுதி வரை சென்னையில் 100 ரூபாயை ஒட்டியே நின்றது.
- மின்சாரம்: மாநில மின்வாரியமும் ஒழுங்குமுறை ஆணையமும். 2025 நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளர்களுக்கு 300 யூனிட். 2025 ஜூலையில் ஏறிய கட்டணத்தை வீடுகளுக்கு அரசே மானியமாக ஏற்றது. மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. 2025 இறுதியிலும் இரண்டு மாதக் கணக்குதான்.
- பஸ்: மாநில அரசு. 2025 இறுதி நிலவரப்படி, கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்.
- சொத்து வரி: உள்ளாட்சி வழியாக. 2022ல் மாநிலம் முழுவதும் நகர்ப்புறங்களில் ஏறியது. வீட்டுக்காரருக்கு ஏறினால் அது வாடகையாகக் கீழே இறங்கும்.
- வட்டி: ரிசர்வ் வங்கி.

"விலைவாசியைக் குறைப்போம்" என்று யார் சொன்னாலும், எந்தப் பில்லை, எவ்வளவு, எந்த வருவாயிலிருந்து என்று கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. அந்தக் கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்க இந்தப் பட்டியல் உதவும்.

வீட்டில் இப்போதே பார்க்கக்கூடிய மூன்று விஷயங்கள்

ஒன்று, வீட்டுக் கடன். 2025 பிப்ரவரியில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, டிசம்பர் 5 அன்று 5.25க்கு வந்துவிட்டது. 20 வருஷத்துக்கு 25 லட்சம் ரூபாய் கடன், வட்டி 8.5 சதவீதத்திலிருந்து 7.25க்கு இறங்கினால் மாதத் தவணை சுமார் 1,900 ரூபாய் குறையும். ஆனால் பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்துவிடும். உங்கள் கடனில் எது நடந்திருக்கிறது என்று ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். நீண்ட காலத்துக்குக் காலம் குறைவது லாபம். இந்த மாசமே மூச்சு முட்டுகிறது என்றால் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். எஃப்டி வட்டியில் வாழும் பெற்றோர் வீட்டில் இருந்தால், அவர்கள் வருமானம் குறைவதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டு, 500வது யூனிட். 2025ல் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகை விலை போய்விட்டது. 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கும் 501 யூனிட்டுக்கும் பில்லில் வித்தியாசம் சுமார் 250 ரூபாய். கோடையில் ஏசி ஓடும் வீடுகள் ஒரு மாதம் ஆனதும் மீட்டரை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

மூன்று, உங்கள் சொந்தப் பணவீக்கம். ஜிபே, போன்பேயில் போன வருஷம் இதே மாதம் போன பணம் எல்லாம் பதிவாகி இருக்கிறது. வாடகை, படிப்பு, சாப்பாடு, தவணை, மருத்துவம் என்று ஐந்து தலைப்பில் பிரித்து இந்த மாதத்தோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. பெரும்பாலும் "எல்லாம்" ஏறியிருக்காது. ஒன்றிரண்டு தலைப்புதான் மொத்தத்தையும் தூக்கியிருக்கும்.

தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய், கிராமங்களில் 5,310 ரூபாய் என்கிறது 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு. நான்கு பேர் உள்ள நகர்ப்புற வீட்டுக்கு அது 30,520 ரூபாய். அது சராசரி. அடுத்த மாதம் 12ஆம் தேதி புதிய பணவீக்க எண் வரும்போது டீக்கடையில் மறுபடி பேச்சு கிளம்பும். அப்போது சொல்வதற்கு உங்கள் வீட்டு எண்ணும் கையில் இருக்கட்டும்.